எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட்டுக்குக் கமாண்ட் லைனிலிருந்து பாராமீட்டர் அனுப்புவது: முழுமையான வழிகாட்டி

ஒரே எக்ஸ்எம்எல் கோப்பு, அதை வேறு வடிவத்துக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி விதிகள் அடங்கிய ஒரே ஸ்டைல்ஷீட். ஆனால் இன்றைக்கு நாவல்களின் பட்டியல் வேண்டும், நாளைக்குக் கவிதை நூல்களின் பட்டியல் வேண்டும். இதற்காக ஸ்டைல்ஷீட்டை நகலெடுத்து ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைப்பவர்கள் நிறையப் பேர். மூன்று மாதத்தில் பத்து நகல்கள் சேர்ந்துவிடும், எதில் பிழை திருத்தினோம், எதில் திருத்தவில்லை என்றே தெரியாது. மாறுகிற அந்த ஒரு சொல்லை வெளியே எடுத்து, கட்டளையை இயக்கும்போது கொடுப்பதுதான் சரியான வழி. அதற்குத்தான் பாராமீட்டர்.

1999 நவம்பர் 16 அன்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட எக்ஸ்எஸ்எல்டி 1.0 விதிமுறை, ஸ்டைல்ஷீட்டுக்குப் பாராமீட்டர் உண்டு என்று சொல்கிறது. வெளியிலிருந்து அதை எப்படி அனுப்புவது என்பதை மட்டும் வரையறுக்காமல் விட்டுவிட்டது. ஆகவே ஸ்டைல்ஷீட்டை இயக்கும் நிரலான ஒவ்வொரு பிராசசரும் தன் போக்கில் ஒரு முறையை வைத்துக்கொண்டது. இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி எக்ஸ்எஸ்எல்டிபிராக் பற்றியது. லிப்எக்ஸ்எஸ்எல்டி நூலகத்தோடு வரும் இந்தச் சிறு கருவி மேக் கணினியில் கூடவே வருகிறது, லினக்ஸில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். சாக்ஸன் முதலான மற்ற பிராசசர்களுக்குப் பிறகு வருகிறேன்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. கீழே உள்ள கட்டளைகளிலும் நிரல் வரிகளிலும் கருவிகளின் சொற்களைத் தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். ஆனால் நூல், வகை, ஆண்டு, தலைப்பு போன்ற பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்எம்எல்லில் எலிமெண்ட், ஆட்ரிபியூட், பாராமீட்டர் எதற்கும் தமிழ்ப் பெயர் செல்லும்.

படி 1: ஸ்டைல்ஷீட்டில் பாராமீட்டரை அறிவிப்பது

நம் தரவு, நூல்கள்.எக்ஸ்எம்எல்:

<நூலகம்>
  <நூல் வகை="கவிதை" ஆண்டு="1998"><தலைப்பு>முதல் நூல்</தலைப்பு></நூல்>
  <நூல் வகை="நாவல்" ஆண்டு="2004"><தலைப்பு>இரண்டாம் நூல்</தலைப்பு></நூல்>
  <நூல் வகை="நாவல்" ஆண்டு="2019"><தலைப்பு>மூன்றாம் நூல்</தலைப்பு></நூல்>
</நூலகம்>

பட்டியல்.எக்ஸ்எஸ்எல் கோப்பின் உள்ளடக்கம் இது. மேலே வழக்கமான நேம்ஸ்பேஸ் அறிவிப்பு இருக்க வேண்டும்:

<எக்ஸ்எஸ்எல்:பாராம் நேம்="வகை" செலக்ட்="'நாவல்'"/>

<எக்ஸ்எஸ்எல்:டெம்ப்ளேட் மேட்ச்="/">
  <எக்ஸ்எஸ்எல்:ஃபார்-ஈச் செலக்ட்="நூலகம்/நூல்[@வகை = $வகை]">
    <எக்ஸ்எஸ்எல்:வேல்யூ-ஆஃப் செலக்ட்="தலைப்பு"/>
    <எக்ஸ்எஸ்எல்:டெக்ஸ்ட்>&#10;</எக்ஸ்எஸ்எல்:டெக்ஸ்ட்>
  </எக்ஸ்எஸ்எல்:ஃபார்-ஈச்>
</எக்ஸ்எஸ்எல்:டெம்ப்ளேட்>

அவுட்புட் மெத்தடை டெக்ஸ்ட் என்றும் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்றும் வைத்துவிட்டால் விடையைத் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பாராம் வரி எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். அது டெம்ப்ளேட்டுக்கு வெளியே, ஸ்டைல்ஷீட் எலிமெண்டின் நேரடிக் குழந்தையாக இருக்கிறது. கமாண்ட் லைனிலிருந்து வரும் மதிப்பு இங்கே இருக்கும் பாராமுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். டெம்ப்ளேட்டுக்குள் அதே பெயரில் இன்னொரு பாராம் எழுதினால், உள்ளே இருப்பது வெளியே இருப்பதை மறைத்துவிடும், நீங்கள் அனுப்பிய மதிப்பு அந்த டெம்ப்ளேட்டின் கண்ணில் படாது. பாராம் என்பதற்குப் பதில் வேரியபிள் என்று அறிவித்திருந்தாலும் வெளியிலிருந்து மாற்ற முடியாது.

செலக்டில் இரட்டை மேற்கோளுக்குள் ஒற்றை மேற்கோள் இருக்கிறது. வெளியே இருப்பது எக்ஸ்எம்எல் ஆட்ரிபியூட்டின் மேற்கோள். உள்ளே இருப்பது எக்ஸ்பாத்தின் (எக்ஸ்எம்எல்லின் பகுதிகளைத் தேர்ந்தெடுக்க எக்ஸ்எஸ்எல்டி பயன்படுத்தும் மொழி) மேற்கோள், 'இது ஒரு ஸ்டிரிங்' என்று அதற்குச் சொல்வது. உள் மேற்கோளை விட்டுவிட்டால் 'நாவல் என்ற பெயருள்ள குழந்தை எலிமெண்டை எடு' என்று பொருளாகிவிடும். அப்படி ஒரு எலிமெண்ட் இல்லை, விடை வெறுமை. இதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த படியில் வரும் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

படி 2: மதிப்பை அனுப்புவது

எக்ஸ்எஸ்எல்டிபிராக் --ஸ்டிரிங்பாராம் வகை கவிதை பட்டியல்.எக்ஸ்எஸ்எல் நூல்கள்.எக்ஸ்எம்எல்

'முதல் நூல்' என்று வரும். பாராமீட்டரை எடுத்துவிட்டு இயக்கினால் டீஃபால்ட் மதிப்பான நாவல் செயல்பட்டு, மற்ற இரண்டு நூல்களும் வரும்.

வரிசை முக்கியம். முதலில் ஆப்ஷன்கள், பிறகு ஸ்டைல்ஷீட், கடைசியில் தரவுக் கோப்பு. பெயருக்கும் மதிப்புக்கும் நடுவே சமக்குறி கிடையாது, இடைவெளி மட்டும்தான். மதிப்பில் இடைவெளி இருந்தால் மேற்கோளுக்குள் போடுங்கள்: --ஸ்டிரிங்பாராம் வகை "சிறுவர் கதை". எத்தனை பாராமீட்டர் வேண்டுமோ அத்தனை முறை ஆப்ஷனைத் திரும்ப எழுதலாம். விடையைக் கோப்பில் சேமிக்க -ஓ ஆப்ஷன்.

படி 3: பாராமும் ஸ்டிரிங்பாராமும் ஒன்றல்ல

ஆட்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். எக்ஸ்எஸ்எல்டிபிராக்கில் --பாராம் என்று இன்னொரு ஆப்ஷன் உண்டு. பெயரைப் பார்த்தால் இதுதான் முதன்மையானது போலத் தோன்றும். ஆனால் இது மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, ஒரு எக்ஸ்பாத் கோவையாகக் கணக்கிட்டு, வரும் விடையைத்தான் பாராமீட்டரில் வைக்கிறது. இதனால் என்னென்ன நடக்கும் என்று பாருங்கள்.

--பாராம் வகை கவிதை என்று கொடுத்தால், 'கவிதை' என்ற எலிமெண்டைத் தேடிப் போகும். கிடைக்காது. பாராமீட்டரில் வெற்று நோட்-செட் (தேடலில் கிடைத்தவற்றின் தொகுப்பு, இங்கே ஒன்றுமில்லாதது) உட்கார்ந்திருக்கும். பிழைச்செய்தி வராது, எச்சரிக்கை வராது. பட்டியல் மட்டும் காலியாக வரும்.

--பாராம் தேதி 2024-03-15 என்று கொடுத்தால் இன்னும் விசித்திரம். எக்ஸ்பாத்துக்கு இது கழித்தல் கணக்கு. 2024-லிருந்து 3 போய் 2021, அதிலிருந்து 15 போய் 2006. உங்கள் அறிக்கையின் தலைப்பில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் 2006 என்று அச்சாகும். ஏதோ ஓர் ஆண்டு போலவே தெரிவதால் பல நாள் யார் கண்ணிலும் படாமலே போய்விடக்கூடும்.

கோப்புப் பாதை கொடுத்தாலும் இதே கதைதான். சாய்கோட்டில் தொடங்கும் பாதை எக்ஸ்பாத்துக்கும் செல்லுபடியாகும் பாதை. ஆகவே குறை சொல்லாமல் தேடிப் பார்த்து, வெறுமையைத் தரும்.

--பாராம் வழியாக ஸ்டிரிங் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் இரண்டு அடுக்கு மேற்கோள் தேவை:

--பாராம் வகை "'கவிதை'"

டெர்மினலில் நீங்கள் தட்டுவதை முதலில் படிப்பது ஷெல். அது வெளி மேற்கோளை உரித்து எடுத்துவிடும். மிச்சம் இருப்பதுதான் எக்ஸ்பாத்துக்குப் போகும், அங்கே ஒற்றை மேற்கோள் வேலை செய்யும். ஒற்றை மேற்கோள் மட்டும் போட்டால் லினக்ஸில் பரவலான பாஷ் ஷெல் அதையும் உரித்துவிடும், பழையபடி எலிமெண்ட் தேடல்தான். விண்டோஸின் பழைய கமாண்ட் பிராம்ப்டுக்கு ஒற்றை மேற்கோள் வெறும் எழுத்து, அது உரிக்காது. அதனால்தான் ஒருவர் கணினியில் ஓடுகிற கட்டளை இன்னொருவர் கணினியில் காலியான விடையைத் தருகிறது. வெளியே இரட்டை, உள்ளே ஒற்றை என்ற மேலே உள்ள வடிவம் பாஷ், கமாண்ட் பிராம்ப்ட், பவர்ஷெல் மூன்றிலும் செல்லும்.

அப்படியானால் --பாராம் எதற்கு? எண்ணுக்கும் பூலியனுக்கும் (உண்மை அல்லது பொய் என்ற மதிப்பு). 'இதை ஆன் செய், அதை ஆஃப் செய்' என்ற வகைப் பாராமீட்டர்களுக்கு இது மிகவும் தேவை. --ஸ்டிரிங்பாராம் விவரம் ஃபால்ஸ் என்று கொடுத்துவிட்டு, ஸ்டைல்ஷீட்டில் $விவரம் என்று மட்டும் சோதித்தால் விடை உண்மை என்றே வரும். எக்ஸ்பாத் 1.0-இல் காலியாக இல்லாத எந்த ஸ்டிரிங்கும் உண்மைதான், அதில் என்ன எழுதியிருந்தாலும் சரி. மறுபக்கம், --பாராம் விவரம் ட்ரூ என்று அடைப்புக்குறி இல்லாமல் கொடுத்தால் 'ட்ரூ' என்ற எலிமெண்டைத் தேடி, வெறுமையைக் கண்டு, பொய் என்று ஆகிவிடும். சரியான வடிவம்:

--பாராம் விவரம் "ட்ரூ()"

அடைப்புக்குறிக்குப் பாஷில் தனிப் பொருள் இருப்பதால் மேற்கோள் கட்டாயம். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் 1, 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்ப ஆவணங்களுக்கான டாக்புக் ஸ்டைல்ஷீட்கள் அப்படித்தான் செய்கின்றன. பகுதிகளுக்கு எண் போடச் சொல்லும் செக்‌ஷன்.ஆட்டோலேபிள் என்ற பாராமீட்டருக்கு --பாராம் வழியாக 1 கொடுத்தால் போதும். சிஎஸ்எஸ் கோப்பின் பெயரை வாங்கும் ஹெச்டிஎம்எல்.ஸ்டைல்ஷீட் என்ற பாராமீட்டருக்கு --ஸ்டிரிங்பாராம். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. 'இரண்டாவது நூலை மட்டும் காட்டு' என்பதற்காக நூல்[$எண்] என்று எழுதி, --ஸ்டிரிங்பாராம் எண் 2 என்று அனுப்பினால் எல்லா நூல்களும் வந்து விழும். சதுர அடைப்புக்குள் எண் இருந்தால்தான் அது இடத்தைக் குறிக்கும். ஸ்டிரிங் இருந்தால் உண்மையா பொய்யா என்று மட்டும் பார்க்கும், '2' காலி ஸ்டிரிங் இல்லை, ஆகவே எல்லா நூலுக்கும் உண்மை. நூல்[நம்பர்($எண்)] என்று எழுதிவிட்டால் எந்த ஆப்ஷனில் வந்தாலும் கவலையில்லை. ஆனால் @ஆண்டு &gt;= $முதல் போன்ற ஒப்பீட்டில் இந்தச் சிக்கல் கிடையாது, பெரிது சிறிது பார்க்கும் குறிகள் இரு பக்கத்தையும் தாமாகவே எண்ணாக மாற்றிக்கொள்ளும்.

நான் பின்பற்றச் சொல்லும் வழக்கம்: எதுவாக இருந்தாலும் முதலில் --ஸ்டிரிங்பாராம். எண்ணோ பூலியனோ கட்டாயம் தேவை என்று தெரிந்தால் மட்டும் --பாராம். வெளி ஆட்கள் தட்டும் மதிப்பை, ஒரு வலைப்படிவத்தில் வந்ததையோ ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கப்பட்டதையோ, ஒருபோதும் --பாராமில் போடாதீர்கள். அது எக்ஸ்பாத்தாக ஓடும், டாக்குமெண்ட்() போன்ற செயல்கூறை உள்ளே நுழைத்து வேறு கோப்புகளைப் படிக்க வழியாகிவிடும். ஸ்டிரிங்பாராமில் ஒரே ஒரு வரம்பு: மதிப்பில் ஒற்றை மேற்கோளும் இரட்டை மேற்கோளும் சேர்ந்து வந்தால் எக்ஸ்எஸ்எல்டிபிராக் ஏற்காது, 8 என்ற வெளியேறு எண்ணோடு நின்றுவிடும்.

படி 4: மௌனத்தை உடைப்பது

இதுவரை பார்த்த தவறுகள் எல்லாமே சத்தமில்லாதவை. பாராமீட்டர் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் அப்படித்தான். வகை என்பதற்குப் பதில் வைகை என்று தட்டினால் எக்ஸ்எஸ்எல்டிபிராக் ஒன்றும் சொல்லாது, டீஃபால்ட் மதிப்போடு வேலையை முடித்துவிடும். ஆகவே கட்டாயம் வர வேண்டிய பாராமீட்டருக்கு டீஃபால்ட் வைக்காதீர்கள். செலக்ட் இல்லாத பாராமுக்கு மதிப்பு காலி ஸ்டிரிங். அதைச் சோதித்து நிறுத்தலாம்:

<எக்ஸ்எஸ்எல்:இஃப் டெஸ்ட்="நாட்(ஸ்டிரிங்($வகை))">
  <எக்ஸ்எஸ்எல்:மெசேஜ் டெர்மினேட்="யெஸ்">வகை என்ற பாராமீட்டர் வரவில்லை</எக்ஸ்எஸ்எல்:மெசேஜ்>
</எக்ஸ்எஸ்எல்:இஃப்>

இதை முதல் டெம்ப்ளேட்டின் தொடக்கத்தில் வையுங்கள். $வகை = '' என்று சோதித்தால் என்ன என்று கேட்கலாம். போதாது. வெற்று நோட்-செட்டைக் காலி ஸ்டிரிங்கோடு ஒப்பிட்டால் எக்ஸ்பாத் 1.0 'பொய்' என்றே சொல்லும், ஒப்பிட ஒரு நோட்கூட இல்லை என்பதால். மேலே எழுதியபடி முதலில் ஸ்டிரிங்காக மாற்றிவிட்டால், பெயர் மாறிய தவறும் மேற்கோள் விட்டுப்போன தவறும் ஒரே வலையில் விழும்.

இப்படி நிறுத்தும்போது எக்ஸ்எஸ்எல்டிபிராக் 10 என்ற எண்ணோடு வெளியேறும். ஷெல் ஸ்கிரிப்டிலோ மேக்ஃபைலிலோ அடுத்த படிக்குப் போகாமல் தடுக்க இது உதவும். ஸ்கிரிப்டில் மதிப்பைக் கடத்தும்போது "$1" என்று மேற்கோளோடு எழுதுங்கள், இல்லாவிட்டால் 'சிறுவர் கதை' இரண்டு துண்டாகிவிடும்.

மதிப்பு எப்படி வந்து சேர்ந்தது என்று சந்தேகம் வந்தால், டெர்மினேட் இல்லாத ஒரு மெசேஜில் [ என்று தொடங்கி, மதிப்பை வேல்யூ-ஆஃப் மூலம் அச்சிட்டு, ] என்று முடியுங்கள். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த இடைவெளிகூடச் சதுர அடைப்புக்கு நடுவே தெரிந்துவிடும். இந்தச் செய்தி பிழைச்செய்திகளுக்கான தனி வழியில் போவதால் உங்கள் விடைக் கோப்பைக் கெடுக்காது.

படி 5: பாராமீட்டர் செல்லாத இடங்கள்

எதை இறக்குமதி செய்வது என்பதைப் பாராமீட்டரால் தீர்மானிக்க முடியாது. இம்போர்ட், இன்க்ளூட் இரண்டின் ஹ்ரெஃப் மதிப்பும் ஸ்டைல்ஷீட்டைத் தொகுக்கும்போதே முடிவாகிவிடும். 2017-இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 3.0-இல், தொகுக்கும்போதே மதிப்பைப் பெறும் ஸ்டாடிக் பாராமீட்டர் வந்த பிறகுதான் இதற்கு வழி பிறந்தது. 1.0-இல் மாட்டிக்கொண்டவர்கள் தலைகீழாகச் செய்யலாம்: ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு சிறிய ஸ்டைல்ஷீட் எழுதி, அதிலிருந்து பொதுவானதை இம்போர்ட் செய்து, கட்டளையில் சிறியதைக் கொடுங்கள். பொதுவான கோப்பில் இருக்கும் பாராமீட்டர்களுக்கும் கமாண்ட் லைன் மதிப்பு வழக்கம்போலப் போய்ச் சேரும்.

தரவுக் கோப்பின் பெயரைப் பாராமீட்டராக அனுப்பி டாக்குமெண்ட்($கோப்பு) என்று படிப்பது முடியும், ஆனால் கவனம் தேவை. அந்தப் பாதை நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலிருந்து கணக்கிடப்படாது, ஸ்டைல்ஷீட் இருக்கும் ஃபோல்டரிலிருந்து கணக்கிடப்படும். தரவுக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிட வேண்டுமானால் டாக்குமெண்ட்($கோப்பு, /) என்று எழுதுங்கள்.

படி 6: மற்ற பிராசசர்கள்

சாக்ஸன்தான் எக்ஸ்எஸ்எல்டி 2.0, 3.0 இரண்டுக்கும் பெரும்பாலோர் நாடுவது. மைக்கேல் கே உருவாக்கியது, 2.0 விதிமுறையின் பதிப்பாசிரியரும் அவரே. அதில் பாராமீட்டர் கடைசியில் வரும், சமக்குறியோடு:

ஜாவா -ஜார் சாக்ஸன்-ஹெச்இ.ஜார் -எஸ்:நூல்கள்.எக்ஸ்எம்எல் -எக்ஸ்எஸ்எல்:பட்டியல்.எக்ஸ்எஸ்எல் வகை=கவிதை

சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி கூடாது. பெயருக்கு முன் ஒரு குறி சேர்த்தால் பொருள் மாறும். ?எண்=2 என்றால் மதிப்பு எக்ஸ்பாத்தாகக் கணக்கிடப்படும், அதாவது எக்ஸ்எஸ்எல்டிபிராக்கின் --பாராமுக்கு இணை. +விலை=விலை.எக்ஸ்எம்எல் என்றால் அந்தக் கோப்பே படிக்கப்பட்டுப் பாராமீட்டரில் வரும், இது அருமையான வசதி. ஆச்சரியக்குறி போட்டால் அது பாராமீட்டரே இல்லை, அவுட்புட்டை மாற்றும் அமைப்பு. கேள்விக்குறியை ஷெல் கோப்புப்பெயர் வடிவமாக எடுத்துக்கொள்ளக்கூடும். இசட்எஸ்ஹெச் என்ற ஷெல்லைப் பயன்படுத்துபவர்களுக்குப் 'பொருந்தும் கோப்பு இல்லை' என்று கட்டளையே ஓடாமல் நிற்கும். "?எண்=2" என்று முழுவதையும் மேற்கோளுக்குள் வையுங்கள்.

எக்ஸ்எஸ்எல்டி 2.0 முதல் பாராமில் மதிப்பின் தரவு வகையையும் குறிப்பிடலாம், அஸ்="எக்ஸ்எஸ்:இண்டிஜர்" என்று. அப்போது சாதாரண எண்=2 போதும், சாக்ஸன் அதை எண்ணாக மாற்றித் தரும், எண்ணாக மாறாத எதையாவது கொடுத்தால் பிழை காட்டி நிற்கும். ரெக்வயர்ட்="யெஸ்" என்று சேர்த்தால் மதிப்பு வராதபோதும் நின்றுவிடும். நான்காம் படியில் கையால் கட்டிய பாதுகாப்பு இங்கே மொழியிலேயே இருக்கிறது. உங்கள் வேலைக்குச் சாக்ஸன் ஒத்துவரும் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே மாறலாம்.

எக்ஸ்எம்எல்ஸ்டார்லெட்டில் ஸ்டைல்ஷீட் பெயருக்குப் பிறகு, தரவுக் கோப்புக்கு முன்னால் -எஸ் வகை=கவிதை என்றால் ஸ்டிரிங், -பி (பாராமின் முதல் ஆங்கில எழுத்து) என்றால் எக்ஸ்பாத். சலானின் ஜாவா பதிப்பில் -பாராம் வகை கவிதை, இங்கே அது ஸ்டிரிங்காகவே எடுத்துக்கொள்ளப்படும். மைக்ரோசாஃப்டின் எம்எஸ்எக்ஸ்எஸ்எல்லில் தரவுக் கோப்பு முன்னால், ஸ்டைல்ஷீட் பின்னால், அதற்குப் பிறகு வகை=கவிதை.

படி 7: மதிப்பு தமிழில் இருக்கும்போது

எக்ஸ்எஸ்எல்டிபிராக் ஸ்டிரிங்பாராமின் மதிப்பு யூடிஎஃப்-8-இல் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. லினக்ஸ், மேக் டெர்மினல்களில் அது இயல்பாகவே அப்படித்தான். விண்டோஸில் பழைய கோட் பேஜ் (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை) முறையில் மதிப்பை வாங்கும் நிரல்களுக்குத் தமிழ் போய்ச் சேராது, கேள்விக்குறிகளாக மாறிவிடும். கணினியின் இயல்புக் கோட் பேஜாக வைக்கத் தமிழுக்கென்று விண்டோஸில் ஒன்றும் கிடையாது. அங்கே தமிழ் மதிப்புகளை ஒரு சிறு எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி, ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து, அந்தப் பெயரைப் பாராமீட்டராக அனுப்பி, டாக்குமெண்ட்() மூலம் படியுங்கள். பாராமீட்டரின் பெயரையும் அங்கே ஆங்கில எழுத்திலேயே வைத்துவிடுவது நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும் 'தொகுப்பு' என்ற வகை மட்டும் பொருந்தவில்லை என்றால், கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியைச் சந்தேகப்படுங்கள். யூனிகோடில் அது ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எக்ஸ்பாத் குறிகளைத்தான் ஒப்பிடும், உருவத்தை அல்ல. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இது பொருந்தும். சாக்ஸனில் நார்மலைஸ்-யூனிகோட்() என்ற செயல்கூறை இரு பக்கமும் போட்டு ஒப்பிடலாம். 1.0-இல் அது இல்லாததால், தரவுக் கோப்பையும் அனுப்பும் மதிப்பையும் ஸ்டைல்ஷீட்டுக்கு வரும் முன்பே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.